ஒன்றரை மணி நேரப் பிரயாணம்

வடசேரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகளும் மருமகனும் சென்னையில் இருக்கிறார்கள். பேரனுக்கு முதல் பிறந்த நாள் வருகிறது. "என் வீட்டுக்காரர் காரிலேயே போய்விடலாம் என்கிறார். மகனோ, ஒன்றரை மணி நேரத்தில் ஆகாயத்தில் போகிற வழி இருக்கும்போது நாள் பூராவும் ரோட்டில் குலுங்குவானேன் என்கிறான். எனக்கு இரண்டுமே பயமாக இருக்கிறது. நீங்கள் நாஞ்சில் நாட்டுப் பெண்தானே, நீங்களே சொல்லுங்கள்" என்று பொறுப்பை என் தலையில் சுமத்திவிட்டார்.

தட்டிக் கழிக்கவும் முடியவில்லை. இதே வழக்கு எங்கள் வீட்டிலும் நடந்ததுதான். அதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

2025 ஆவணியில் நாகர்கோவிலில் எங்கள் சித்தி மகளுக்குக் கல்யாணம். அக்காவும் நானும் சென்னைவாசிகள். அத்தான் அந்த வருஷந்தான் புதுக் கார் வாங்கியிருந்தார். புதுக் கார் வாங்கிய மனிதரிடம் போய், "ஊருக்கு எப்படிப் போகப் போகிறோம்?" என்று யாராவது கேட்பார்களா? நான் கேட்டுவிட்டேன்.

"இது ஒரு கேள்வியா? நாலு வழிச் சாலை வழவழவென்று கிடக்கிறது. எழுநூறு கிலோமீட்டர்! விடியற்காலையில் கிளம்பினால் சாயங்காலக் காப்பிக்குக் கோட்டாறு!" என்றார் அத்தான்.

அக்காவும் கார்க் கட்சிதான். ஆனால் அவளுடைய காரணம் வேறு. அந்த ஜூன் மாதம் 12-ம் தேதி ஆமதாபாத்தில் விமானம் விழுந்ததே, ஞாபகம் இருக்கிறதல்லவா? ஏறிய 242 பேரில் ஒரே ஒருவர்தான் பிழைத்தார். அந்தக் காட்சிகளைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளிலிருந்து, வீட்டுக்கு மேலே விமானச் சத்தம் கேட்டால் போதும், அக்கா கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். "குழந்தைகளை வைத்துக்கொண்டு அதில் ஏறவே மாட்டேன்" என்று சாதித்தாள்.

எனக்கு முதல் நாள் வரையில் ஆபீஸ் வேலை இருந்தது. அதனால் விமானத்துக்கு டிக்கெட் வாங்கிவிட்டேன். "அப்படியானால் பந்தயம்! யார் முதலில் போய்ச் சேருகிறோம் என்று பார்த்துவிடுவோம்" என்றார் அத்தான்.

அவர்கள் விடியற்காலை நாலரை மணிக்குத் தாம்பரத்தில் கிளம்பினார்கள். எனக்குப் பத்து மணிக்கு விமானம். பறக்கும் நேரம் ஒன்றரை மணி. பதினொன்றரைக்குத் திருவனந்தபுரம், அப்புறம் என்ன, மத்தியானச் சாப்பாட்டுக்குச் சித்தி வீடு என்று மனக்கணக்குப் போட்டிருந்தேன்.

அந்தக் கணக்கு எங்கே தப்பியது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எழுதிய அம்மாளுக்கு உபயோகப்படும்.

பத்து மணி விமானத்துக்கு நான் வீட்டுப் படி இறங்கியது ஏழு மணிக்கு. புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே சாமான் வாங்கும் இடத்தை மூடிவிடுவார்கள் அல்லவா? அதற்கு முன்னால் சென்னைப் போக்குவரத்தை நீந்தி வர வேண்டும். வாசலில் ஒரு வரிசை, சாமானுக்கு ஒரு வரிசை, சோதனைக்கு ஒரு வரிசை. எல்லாம் முடிந்து உட்கார்ந்தால், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலைதான் என்பது தெரிகிறது. திருவனந்தபுரத்தில் இறங்கிப் பெட்டி வந்து வாடகைக் காரில் ஏறும்போது மணி பன்னிரண்டே கால். அங்கிருந்து நாகர்கோவிலுக்குச் சுமார் எழுபது கிலோமீட்டர்.

அந்த எழுபதுதான் விஷயம். கேரளத்துப் பக்கத்தில் புறவழிச் சாலை போட்டுவிட்டார்கள். கார் பறக்கிறது. அந்தச் சாலை முடிகிற ஊரின் பெயர் காரோடு. காரோடு வந்தவர்கள் காரோட்டில் மூச்சுவிட்டுக்கொள்ள வேண்டியதுதான். களியக்காவிளையில் நுழைந்ததும் நம் பழைய சாலை, பழைய நெரிசல். மார்த்தாண்டத்தில் 2018-ல் மேம்பாலம் வந்தது. பாலத்தின் மேலே நிம்மதி, இறங்கியதும் மறுபடி பஸ்ஸுக்குப் பின்னால் பஸ். நான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்த டிரைவர் சொன்னார்: "அவசரப்படாதீங்க அக்கா. நவராத்திரிக்குப் பத்மநாபபுரம் சரஸ்வதி அம்மன் இந்த ரோட்டு வழியாத்தான் திருவனந்தபுரம் போறா. வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை எல்லாரும் கூடப் போவாங்க. ராத்திரி குழித்துறையிலே தங்கல், மறுநாள் நெய்யாற்றின்கரையிலே தங்கல், மூணாவது நாள்தான் போய்ச் சேருவாங்க. அவங்களே பொறுமையாப் போறாங்க!"

சாமிக்குப் பொறுமை உண்டு. எனக்குப் பசி இருந்தது. சித்தி வீட்டுக்குள் நுழையும்போது மணி மூன்று. ஏழு மணிக்குக் கிளம்பியவள் மூன்று மணிக்கு வந்திருக்கிறேன். எட்டு மணி நேரத்தில் ஆகாயத்தில் இருந்தது ஒன்றரை, பூமியில் இருந்தது ஆறரை!

அத்தானின் கார் ஐந்தரைக்கு வந்தது. பதின்மூன்று மணி நேரம். வழியில் சின்னவன் இரண்டு தடவை வாந்தி. ஆனாலும் அத்தான் முகத்தில் களைப்பைவிடக் களைதான் அதிகம். "லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுத்தது. ஐயாயிரம் ரூபாய்க்குள் பெட்ரோல். சுங்கச் சாவடிக் காசு தனி. நாலு பேர் வந்திருக்கிறோம். உனக்கு எவ்வளவு ஆயிற்று?" என்றார். கல்யாண முகூர்த்த காலத்து விமானக் கட்டணத்தையும் இரண்டு பக்கத்து வாடகைக் காரையும் கூட்டிப் பார்த்துவிட்டு, நான் குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

அக்காவின் குழந்தைகள் ஆரல்வாய்மொழிக் கதையைச் சொல்லி மாளவில்லை. காவல்கிணறு தாண்டியதும் முப்பந்தல் காற்றாலைகள், கார் கதவைத் திறக்க முடியாத காற்று, இரண்டு பக்கமும் மலை. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். நாஞ்சில் நாட்டுக்குத் தலைவாசல் அந்தக் கணவாய். விமானத்தில் வருகிறவர்கள் புறவாசல் வழியாக அல்லவா நுழைகிறோம்!

இனி அம்மையின் கட்சி. எங்கள் பக்கத்தில் அம்மாவை அம்மை என்போம். அவள் கட்சி முழுக்க முழுக்கச் சாமான் கட்சி. ஒரு குலை மட்டிப் பழம், பத்துத் தேங்காய், ஏத்தங்காய் வற்றல் ஒரு டின், முந்திரிக்கொத்து ஒரு டின், செக்கு எண்ணெய் இரண்டு லிட்டர். இதெல்லாம் இல்லாமல் மகளை அனுப்பினால் ஊர் என்ன சொல்லும்? விமானத்தில் பதினைந்து கிலோதான் பெட்டிக்கு என்று சொன்னால், "பதினைந்து கிலோவா? அது பெட்டியோட கனம்லா?" என்கிறாள். கொப்பரைத் தேங்காயை எடுத்துப் போகவே கூடாது, எண்ணெய் நிறைந்தது, சுலபமாகத் தீப்பிடிக்கும் என்றால் நம்பவே மாட்டேன் என்கிறாள். 2022-ல் சபரிமலை சீசனுக்கு மட்டும் இருமுடித் தேங்காயைக் கையோடு கொண்டுபோக விமானப் பாதுகாப்புத் துறை அனுமதி கொடுத்தது. அதைச் சொன்னதும், "அப்போ நீயும் மாலை போட்டுக்கிட்டு வா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்! கடைசியில் குலையும் தேங்காயும் அத்தான் காரின் டிக்கியில் ஏறின. என் பெட்டிக்கு முந்திரிக்கொத்து மட்டும்.

அன்று ராத்திரி கல்யாண வீட்டில் பாய் விரித்துப் படுத்திருக்கும்போது அம்மையிடம் என் எட்டு மணி நேரக் கதையைச் சொல்லி அலுத்துக்கொண்டேன். அவள் சிரிப்பாள் என்று பார்த்தால் சிரிக்கவில்லை.

"எட்டு மணிக்கூர்னு சலிச்சுக்கிடுதியே மக்களே. உங்க பாட்டா இறந்தப்போ எனக்குப் பதினாலு வயசு. 1974. உங்க பெரிய மாமா மெட்ராஸிலே வேலை. தந்தி கிடைச்சு, ரயில் பிடிச்சுத் திருநெல்வேலிக்கு வந்து, அங்கேருந்து பஸ்ஸைப் பிடிச்சு வந்து நிக்கான். முற்றத்திலே பந்தலைப் பிரிச்சுக்கிட்டு இருக்காங்க. அப்பா முகத்தைப் பார்க்கல்லை. சஞ்சயனத்துக்குத்தான் ஆச்சு" என்றாள்.

எங்கள் ஊருக்கு ரயில் வந்த கதை அப்படி. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் ஓடத் தொடங்கியதே 1979-ல்தான். திருநெல்வேலியோடு நாகர்கோவிலை இணைத்தது 1981-ல். திருவனந்தபுரத்துக்கு டாட்டா கம்பெனி பம்பாயிலிருந்து விமானம் விட்டதோ 1935-ல்! அப்போது நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. ஊருக்குள் ரயில் நுழைவதற்கு நாற்பத்து நாலு வருஷம் முன்பே எழுபது கிலோமீட்டரில் விமானம் இறங்கியிருக்கிறது. ஆனால் மாமாவைப் போன்ற ஒரு குமாஸ்தாவுக்கு அது இருந்தும் இல்லாததுதான்.

ஆகவே ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி ராத்திரியில் தொலைபேசி மணி அடித்து, 'எடுப்பதற்குள் வந்துவிடு' என்று சொன்னால், அன்றைக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். காலையில் முதல் விமானத்தில் ஏறுங்கள். எட்டு மணி நேரமானாலும் அதுதான் விரைவு. அழுதுகொண்டிருக்கும் மனிதரைக் காரோட்டச் சொல்லாதீர்கள்.

மற்ற நாட்களைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால், அக்கா சொன்னதைச் சொல்ல வேண்டும். அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. அத்தானுக்குத் திங்கட்கிழமை ஆபீஸ். முதல் நாள் ராத்திரி அவர் சமையற்கட்டு மேற்பார்வை, தூக்கம் இல்லை. முகூர்த்தம், சாப்பாடு, வழியனுப்பல் எல்லாம் முடிந்து, ராத்திரி ஒன்பது மணிக்குக் காரை எடுத்தார். "ராத்திரி ரோடு காலியாக இருக்கும். விடிகிறபோது தாம்பரம்" என்றார். வாசலில் நின்று கை அசைத்தவர்களில் நானும் ஒருத்தி. ஒரு வார்த்தை தடுத்துச் சொல்லவில்லை.

நவராத்திரிக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அடுக்களையில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டே, எண்ணெயைப் பார்த்தபடி சொன்னாள்: "துவரங்குறிச்சி தாண்டி. மணி இரண்டரை இருக்கும். குழந்தைகள் பின்னால் தூங்குகிறார்கள். எனக்கும் கண் அசந்துவிட்டது. ஏதோ சரசரவென்று சத்தம். பார்க்கிறேன், நடுவிலே அரளிச் செடி நட்டிருக்கிறார்களே, அது என் கண்ணுக்கு நேரே வருகிறது. கத்தினேன். அவர் திருப்பிவிட்டார். அவ்வளவுதான்."

"அப்புறம்?"

"ஓரமாக நிறுத்தினார். முகம் கழுவினார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. விடிகிற வரையில் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். இன்றைக்கு வரைக்கும் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை."

கடுகு வெடித்து அடங்கிவிட்டது. அவள் சுண்டலைக் கொட்டிக் கிளறினாள். மேலே எங்கோ விமானம் ஒன்று போயிற்று. அக்காவின் கை வழக்கம்போல் ஒரு கணம் நின்றது. எனக்கு என்னவோ செய்தது. குழந்தைகளோடு ஏற மாட்டேன் என்று எந்தச் சத்தத்துக்கு இவள் நடுங்குகிறாளோ, அது அவள் பக்கத்தில் வரவே இல்லை. வந்தது அரளிச் செடி.

வீட்டுக்கு வந்து புள்ளிவிவரங்களைத் தேடிப் படித்தேன். மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நாளொன்றுக்கு 460-க்கு மேல். ஆமதாபாத்தில் விழுந்தது போன்ற விமானம் ஏறத்தாழ இரண்டு, ஒரு நாள் விடாமல் தினமும் விழுந்தால் எவ்வளவோ அவ்வளவு. தமிழ்நாட்டில் மட்டும் அந்த வருஷம் 17,884 பேர். இவர்களில் காரில் போனவர்கள் ஒரு பகுதிதான். இரண்டு சக்கர வண்டிக்காரர்களும் நடந்து போனவர்களும் நிறைய. ஆனாலும் விமானம் விழுந்தால் நாடே பார்க்கிறது, சாலையில் போகிற உயிர் உள்ளூர்ப் பத்திரிகையில் நாலு வரி.

அமெரிக்காவில் இதே பயம் வேறு விதமாகக் கணக்கிடப்பட்டது. 2001 செப்டம்பர் 11-ல் விமானங்களைக் கடத்தி மோதினார்களே, அதற்குப் பிறகு ஏராளமான பேர் விமானத்துக்குப் பயந்து காரில் போனார்கள். அடுத்த ஒரு வருஷத்தில் அப்படிக் காருக்கு மாறியதால் மட்டும் சுமார் 1,500 பேர் கூடுதலாகச் சாலையில் இறந்தார்கள் என்று கெர்ட் கிகெரென்ஸர் என்னும் ஜெர்மானிய மனவியல் அறிஞர் மதிப்பிட்டிருக்கிறார். அந்த நாலு விமானங்களிலும் இருந்த பயணிகளைவிடப் பல மடங்கு!

இதற்காகக் காரே கூடாது என்று சொல்ல வரவில்லை. பகலில், தூங்கி எழுந்த மனிதர் ஓட்டினால் கார் மாதிரிச் செளகரியம் உண்டா? மதுரை 240 கிலோமீட்டர்தான். அதற்கு யோசனையே வேண்டாம், குலையோடு காரில் போங்கள். கோயமுத்தூருக்கு ராத்திரி ரயில். பெங்களூருக்கு ஒற்றை ஆளாக அவசரமாகப் போனால் விமானம், குடும்பத்தோடு என்றால் அதற்கும் ரயில் இருக்கிறது.

சென்னைக்குத்தான் கஷ்டமான கேள்வி. இதிலும் வீட்டுக்காரரும் மகனும் மறந்துவிட்ட மூன்றாவது கட்சி ஒன்று இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 31-ல் சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் வந்தே பாரத் ரயில் விட்டார்கள். விடியற்காலை எழும்பூரில் கிளம்பி, மத்தியானம் இரண்டு மணிக்குள் நாகர்கோவில். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து திரும்பிப் புறப்பட்டு ராத்திரி சென்னை. ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. என் 'ஒன்றரை மணி நேர' விமானம் எட்டு மணி நேரம் எடுத்ததை மறந்துவிடாதீர்கள்! வாரத்தில் ஒரு நாள் ஓடாது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். படுத்துக்கொண்டு போக வேண்டுமானால் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் இருக்கவே இருக்கிறது. இப்போது அறுபது நாள் முன்பாகத்தான் முன்பதிவு. பேரன் பிறந்த தேதி தெரிந்ததுதானே, நாட்காட்டியில் இன்றைக்கே வட்டம் போட்டுவிடுங்கள்.

விமானந்தான் என்று முடிவானால் இரண்டு விஷயம். வருஷத்துக்கு இரண்டு தடவை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாபசாமி ஆராட்டுக்காகத் திருவனந்தபுரம் விமான ஓடுபாதையைச் சில மணி நேரம் மூடிவிடுவார்கள். 1932-ல் விமான நிலையம் வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே சாமி சங்குமுகம் கடலுக்குப் போகிற வழி அது. சாமி நடந்து கடக்கும் வரை விமானங்கள் காத்திருக்கின்றன. நாம் எம்மாத்திரம்? அந்தத் தேதியில் சாயங்கால விமானம் வாங்காதீர்கள். இன்னொன்று, தூத்துக்குடி விமான நிலையத்தில் 2025 ஜூலையில் புது முனையம் திறந்திருக்கிறார்கள். நாகர்கோவிலிலிருந்து தூரம் நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனால் நாலு வழிச் சாலை. தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கத்துக்காரர்கள் மார்த்தாண்டத்து நெரிசலை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

கார்தான் என்று உங்கள் வீட்டுக்காரர் பிடிவாதம் பிடித்தால், அம்மா, ஒன்றே ஒன்று. கிளம்புகிற நேரத்தை நீங்கள் சொல்லுங்கள். சாப்பாடு கட்டுவது நாம், துணி அடுக்குவது நாம், குழந்தைக்கு வாந்தி மாத்திரை எடுத்து வைப்பது நாம். நேரம் மட்டும் ஏன் அவர்கள் கையில்? ராத்திரி இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரையில் உடம்பு தானாகத் தூக்கத்துக்கு இறங்குகிற நேரம். எப்பேர்ப்பட்ட சூரனுக்கும் அப்படித்தான். காப்பி குடித்தால் அது வேலை செய்யவே அரை மணி ஆகும். கண் கனத்தால் காரை நிறுத்தி இருபது நிமிஷம் தூங்கச் சொல்லுங்கள். தூங்குவதற்கு ஆண்பிள்ளைகளுக்கு என்னவோ வெட்கம். சாப்பிட வெட்கமில்லை, தூங்கத்தான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறார்களாம். காரில்தானாம்.

"ராத்திரியா?" என்றேன்.

"இல்லை, பகலில். அத்தான் திருச்சியிலே ஒரு ராத்திரி அறை எடுத்திருக்கிறார். போகும்போதும் வரும்போதும். மலைக்கோட்டை பார்க்கணுமாம்."

"இரண்டு தடவையுமா?"

"நானும் கேட்கவில்லை, நீயும் கேட்காதே" என்றாள் அக்கா.